கோடாலி படாத காடு

அன்புள்ள அக்கா,

இங்கிலாந்தின் கென்ட்டிலிருந்து எழுதுகிறேன். நானும் கணவரும் போன ஆண்டு இங்கே நாலு ஏக்கர் காடு ஒன்றை வாங்கினோம். சேமிப்பு முழுக்க அதில் போய்விட்டது. 1600-க்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருக்கும் இடம் என்று அரசுப் பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலும் செஸ்ட்நட், நடுநடுவே ஓக். ஏப்ரல் கடைசியில் தரை தெரியாமல் புளூபெல் என்ற நீல மணிப்பூ பூக்கிறது. நம் குறிஞ்சி ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். இந்தக் காட்டில் ஒரு மரத்தின் மேலும் கோடாலி படக்கூடாது என்று வாங்கிய அன்றே இருவரும் முடிவெடுத்தோம். மேற்கு மூலையில் பூ இல்லை என்று ஆன்லைனில் 200 கிழங்கு வாங்கி அக்டோபரில் நட்டோம். இந்த வசந்தத்தில் அவையும் நன்றாக நிமிர்ந்து பூத்தன. காட்டைச் சுற்றி ஒரு பழைய மண்மேடு ஓடுகிறது, பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டுத் திடல். தொல்லை என்றால் சாம்பல்நிற அணில்கள்தான், பட்டையை உரித்துத் தள்ளுகின்றன. எங்கள் காட்டுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லுங்கள் அக்கா.

மீ., கென்ட்

அன்புள்ள மீ.,

உங்கள் கடிதம் வந்த வாரம் ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். கென்ட்டில் ஒரு புளூபெல் காட்டுக்குள் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். அதைப் பற்றி எழுதவேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன், நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

முதலில் அணில். அது ராமர் தடவிக்கொடுத்த அணில் இல்லை. 1876-இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து செஷயரில் விட்ட ஜாதி. அதற்கு வழி தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், கேளுங்கள். குறிஞ்சியையும் விட்டுவிடுங்கள். அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது, இது ஆண்டுதோறும் பூப்பது. இரண்டுக்கும் நீலம் ஒன்றுதான் பொது.

இனி அந்த 200 கிழங்கு. “நிமிர்ந்து” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கிலாந்தின் புளூபெல் நிமிராது அம்மா. தண்டின் நுனி வளைந்து, மணிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலை கவிழ்ந்து தொங்கும். நெருங்கினால் வாசனை வரும். மகரந்தம் பாலேடு நிறத்தில் இருக்கும். இலை சுண்டுவிரல் அகலம்தான். நிமிர்ந்து, சுற்றிலும் பூ வைத்து, மகரந்தம் நீலமாக, அகன்ற இலையோடு இருந்தால் அது ஸ்பானிஷ் புளூபெல், அல்லது இரண்டும் கலந்த பிறவி. தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தது. தேனீ இரண்டுக்கும் போகும், கலப்பு விதை முளைக்கும். உலகத்துப் புளூபெல்லில் ஏறக்குறையப் பாதி பிரிட்டனில் இருக்கிறது என்கிறார்கள். அதில் உங்கள் பங்கு நாலு ஏக்கர். அதற்குள் நீங்களே காசு கொடுத்துக் கலப்படத்தை இறக்கியிருக்கிறீர்கள். காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்பது 1998 முதல் அங்கே குற்றம். உரிமத்தோடு சாகுபடி செய்து அசல் இனத்தை விற்பவர்கள் சிலர் உண்டு. நீங்கள் வாங்கியவர் அவர்களில் ஒருவர் இல்லை என்று அந்த நிமிர்வே சொல்கிறது.

பூ இல்லாத மூலை ஏன் உங்களை உறுத்தியது? அது பூந்தோட்டம் இல்லையே.

திட்டிவிட்டேன். என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்துக்காக நான் பாதையைவிட்டு நாலே எட்டு உள்ளே போனேன். காலடியில் இலைகள் நொறுங்கும் சத்தம் கேட்டது, வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்பதுபோல. புளூபெல் இலை ஒருமுறை நசுங்கினால் அந்த ஆண்டு அதற்குச் சமையல் இல்லை. ஜனவரியில் சருகுக்குள்ளிருந்து மூக்கை நீட்டி, மேலே மரங்கள் தழைத்து வெயிலை மூடும் மே மாதத்துக்குள் ஆண்டு முழுக்கத் தேவையான சாப்பாட்டைக் கிழங்கில் சேர்த்து வைத்தாகவேண்டும். விதையிலிருந்து முதல் பூவுக்கே ஐந்து ஏழு ஆண்டு ஆகும். அடுத்த ஏப்ரலில் தோழி அதே இடத்தைப் படமெடுத்து அனுப்பினாள். நீலத்துக்கு நடுவே நாலு பழுப்புத் திட்டு. என் செருப்பு அளவு.

அன்றைக்கு அந்தக் காட்டில் ஒரு கிழவர் செஸ்ட்நட் கம்பம் பிளந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் அரை ஏக்கரை ஒட்ட வெட்டியிருந்தார். முட்டியளவுகூட இல்லாத கட்டைகள், நடுவில் பட்டப்பகல் வெயில். உங்களைப்போலவே எனக்கும் நெஞ்சு பதைத்தது. இவ்வளவு பழைய காட்டில் இந்த மனிதருக்கு எப்படிக் கை வந்தது என்று நினைத்தேன். நாகரிகமாக, “இந்த மரத்துக்கு என்ன வயதிருக்கும்?” என்று கேட்டேன்.

அவர் நிமிராமல், “எந்தப் பகுதிக்கு?” என்றார்.

பிறகு பூட்ஸ் நுனியால் காட்டினார். தனித்தனி மரம் என்று நான் எண்ணியிருந்த ஏழெட்டுக் கட்டைகளும் ஒரே தூரிலிருந்து வட்டமாகக் கிளம்பியவை. அந்த வட்டத்தை நான் கையை விரித்து அணைக்க முடியாது. மேலே வெட்டிய கழிக்கு 14 வயது. கீழே தூருக்கு வயது அவருக்கே தெரியாது. அவருக்கு முந்தியவர்கள் வெட்டி, அவர்களுக்கு முந்தியவர்கள் வெட்டி வந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் எப்போதோ முதிர்ந்து, கனம் தாங்காமல் சாய்ந்திருக்கும் என்றார்.

நமக்கு இது தெரியாத வித்தை இல்லை. கரும்பில் மறுதாம்பு விடுகிறோம், தைலமரத்தை வெட்டிக் கட்டையைத் துளிர்க்க விடுகிறோம். அதேதான். அங்கே காப்பிஸ் என்கிறார்கள். கென்ட்டில் பீர் காய்ச்சச் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியை ஏற்ற லட்சக்கணக்கில் கழி தேவைப்பட்டது, பிறகு வேலிக் கம்பம். செஸ்ட்நட் நேராகப் பிளக்கும், மருந்து பூசாமலே மண்ணில் நிற்கும். அதனால் 12, 15 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். சஃபோக்கில் பிராட்ஃபீல்ட் காட்டில் 1252-லிருந்து இந்த முறை நடப்பதற்குப் பதிவு இருக்கிறது. ஆலிவர் ராக்கம் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர், 2015-இல் காலமானார், வாழ்நாள் முழுக்க இந்தத் தூர்களையும் பழைய பத்திரங்களையும் சேர்த்துப் படித்தவர். மனிதர் கை படாத காடு என்று நாம் உருகும் இடங்கள் எத்தனை நூற்றாண்டு உழைப்பு என்பதை எடுத்துக்காட்டியவர் அவர்.

கோடாலி படக்கூடாது என்ற உங்கள் சத்தியம் இருக்கிறதே, அது நகரத்துக்காரர்களின் அன்பு. எனக்கும் இருந்த அன்புதான், அதனால்தான் கோபம் வருகிறது. ஒன்றைத் தொடாமல் இருந்தால் காப்பாற்றியதாகிவிடும் என்று எங்கேயோ படித்துவைத்திருக்கிறோம். தொடாமல் இருப்பதற்கு உடம்பு வணங்கவேண்டாம், பனியில் விரல் வெடிக்கவேண்டாம், மனசும் நிறைந்துவிடும். உங்கள் செஸ்ட்நட் கடைசியாக எப்போது வெட்டப்பட்டது? நாற்பது ஐம்பது ஆண்டாக விட்டிருந்தால் உள்ளே இருட்டுக் கட்டியிருக்கும். அந்த மேற்கு மூலையில் பூ குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அங்கே கிழங்கைப் புதைத்தீர்கள், வெளிச்சம் விடவில்லை.

வெட்டிய அடுத்த ஏப்ரலில் பார்த்து ஏமாந்துபோவீர்கள், திடீர் வெயிலில் எல்லாம் சோர்ந்து நிற்கும். இரண்டாவது, மூன்றாவது வசந்தத்தில் தாங்கமாட்டீர்கள். ஆனால் அதே வெயிலில் முட்செடி பிராம்பிளும் கிளம்பும், புளூபெல்லை மூடும். பயந்து அதைப் பிடுங்கப் போகாதீர்கள். தூர்கள் துளிர்த்து வளர்ந்து மறுபடி நிழல் கவிந்தால் பிராம்பிள் நலிந்துவிடும், கிழங்கு பொறுமையாக இருக்கும். வெயிலும் வேண்டும் நிழலும் வேண்டும், முறைவைத்து வேண்டும்.

நீங்கள் பிள்ளைகளை ஓடவிடும் மண்மேடு என்ன என்று நினைத்தீர்கள்? வெளிப்பக்கம் பள்ளம், உள்பக்கம் மேடு, சரிதானே? வெட்டிய தூரில் வரும் இளந்துளிரை மாடும் மானும் மேய்ந்துவிடாமல் இருக்க இடைக்காலத்தில் ஆட்கள் மண்வெட்டியால் போட்ட கரை அது. யாரும் வெட்டாத காடாக இருந்திருந்தால் அந்த மேட்டுக்கே வேலை இல்லை.

நாலு ஏக்கரை எட்டுத் துண்டாகப் பிரியுங்கள். அந்தப் பக்கத்து வெட்டுக்காரர்கள் ஒரு துண்டைக் கேன்ட் (cant) என்பார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒன்று வெட்டினால் 16 ஆண்டில் ஒரு சுற்று. குளிர்காலத்தில் மட்டும். நெஞ்சுயரத்தில் 15 சென்டிமீட்டருக்கு மேற்போகாத காப்பிஸ் கழிக்கு உரிமம் வேண்டாம். அதைவிடப் பருத்ததை மூன்று மாதத்தில் ஐந்து கன மீட்டருக்கு மேல் வெட்ட ஃபாரஸ்ட்ரி கமிஷனிடம் எழுதி வாங்கவேண்டும். அதற்கு முன் டோர்மவுஸ் இருக்கிறதா என்று தெரிந்தவரை அழைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் பொன்னிற எலி, சட்டக் காவல் உள்ளது, குளிர்காலத்தில் தரையில்தான் சுருண்டு தூங்கும்.

பெயர் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பெயர் இருக்கும். தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் டைத் வரிக்காக, 1836 சட்டத்துக்குப் பிறகு ஊர் ஊராகப் போட்ட வரைபடங்கள் மெய்ட்ஸ்டோன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். கரி சுட்டவன் பெயரோ வேலி கட்டியவன் பெயரோ ஏதோ ஒன்று அந்த நாலு ஏக்கரில் எழுதியிருக்கும்.

அந்தக் கிழங்குகளை எப்போது தோண்டுகிறீர்கள் என்று எழுதுங்கள். இலை காய்ந்துவிட்டால் எது எது என்று தெரியாமல் போய்விடும், இந்த வாரமே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். தோண்டியதை உரக்குழியில் வீசிவிடாதீர்கள், அங்கேயும் முளைக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, முற்றிலும் அழுகும்வரை வெயிலில் வையுங்கள்.