பின்சக்கரத் துள்ளலும் ஸ்பிரிங் மீது விழும் பழியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய பைக்குகளின் பின் ஷாக் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இருபது வருடப் பழைய வண்டி, பின்னால் இரண்டு ஷாக். பள்ளத்தில் இறங்கி ஏறினால் மூன்று நான்கு முறை தூக்கிப் போடுகிறது. ஷாக்கின் அடியில் உள்ள வளையத்தைத் திருகிக் கடைசிப் படிக்கு வைத்தேன். துள்ளல் இன்னும் கூடிவிட்டது. ஸ்பிரிங்கை மாற்றிவிடலாமா?

பதில்: ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும். வேலையை நிறுத்தியது உள்ளே இருக்கிற டேம்பர்.

ஷாக் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதில் இரண்டு பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. வெளியே தெரியும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே ஒரு குழாய், அதில் ஆயில், ஆயிலுக்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகள். அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது ஆயில் அந்த ஓட்டைகள் வழியாகப் பிதுங்கித்தான் போயாக வேண்டும். இந்த அமைப்புதான் டேம்பர். அந்தத் தடைதான் துள்ளலைப் பிடித்து நிறுத்துகிறது. துள்ளலின் சக்தி ஆயிலில் சூடாக மாறிவிடுகிறது. ஆயில் கசிந்து குறைந்தாலும் பல வருட ஓட்டத்தில் நீர்த்துப் போனாலும் ஸ்பிரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை. அது பாட்டுக்கு ஆடும்.

நீங்கள் வளையத்தைத் திருகியதில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் அதை ஸ்பிரிங்கைக் கடினமாக்கும் திருகு என்றே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி இங்கேயும் அப்படியே பொருந்தும்: சாதாரண ஸ்பிரிங் ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் ஒரே அளவு கூடுதல் விசையைத்தான் கேட்கும். வளையம் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைத்து, வண்டியின் பின்பக்கத்தை உயர்த்துகிறது, அவ்வளவுதான். பின்னால் ஆள் அமரும்போதும் சுமை ஏற்றும்போதும் அது தேவை. டேம்பர் செத்துப்போன ஷாக்கில் செய்தால் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருக்கும் இடம்தான் குறையும். ஷாக் முழுதாக விரிந்து 'டக்'கென்று முட்டும். உங்களுக்குத் துள்ளல் கூடியதாகத் தெரிவது அதனால்தான்.

வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு சீட்டின் பின்முனையை அமுக்கி விடுங்கள். எழுந்து வந்து அடங்கிவிட்டால் சரி. மறுபடி மறுபடி ஆடினால் டேம்பர் போய்விட்டது. ஆனால் இந்தச் சோதனையில் முழுக்கச் செத்த ஷாக் மட்டும்தான் சிக்கும். அரைகுறையாகப் போனதைக் கண்டுபிடிக்க, ஷாக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பிஸ்டனோடு சேர்ந்த ராடைக் கையால் அமுக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது தடை அதிகமாகவும் வழி முழுக்க ஒரே சீராகவும் இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் கை திடீரென்று வழுக்கிப் போனால் ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: நைட்ரஜன் கேஸ் அடைக்காத பழைய ஷாக்கைப் படுக்க வைத்திருந்தால் நல்ல ஷாக்கிலும் காற்று இடம் மாறிவிடும். வண்டியில் நிற்பதுபோலவே செங்குத்தாகப் பிடித்து ஐந்தாறு முறை அமுக்கி இழுத்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்கை எடுக்க, அதை அமுக்கிப் பிடிப்பதற்கென்று உள்ள கம்ப்ரெஸ்ஸர் கட்டாயம் வேண்டும். நான் தொழில் கற்ற பட்டறையில் அந்தக் கருவி கிடையாது. ஒருவர் இரண்டு கையாலும் ஸ்பிரிங்கை அமுக்குவார், இன்னொருவர் மேலே உள்ள பிளந்த வாஷரை உருவுவார். ஒரு நாள் அமுக்கியவருக்குக் கை வழுக்கியது. மேல் மூடி என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பதிந்தது. சுண்ணாம்பு பெயர்ந்த அந்தக் குழியை நான் அங்கே இருந்த காலம் முழுக்கத் தினமும் பார்த்தேன். கருவி இல்லாமல் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். தயவுசெய்து.

கேள்வி: இடது ஷாக்கில் மட்டும் ஆயில் தெரிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்முக்கு இரண்டு பக்கமும் இரண்டு விதமான தடை. வளைவில் வண்டி நெளியும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அது ஷாக் ஆயில்தானா என்று பாருங்கள். செயினுக்குப் போட்ட எண்ணெய் தெறித்து ஷாக்கில் படிவது சகஜம். ஈரமில்லாத துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். ராடும் குழாயும் சேரும் இடத்திலிருந்து ஈரம் புதிதாக வழிந்தால், ஆயிலை உள்ளே அடைத்து வைக்கும் சீல் போய்விட்டது. வெளிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் செயின் எண்ணெய். சீல் போனது உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள். வழிகிற ஆயில் டயரிலோ பிரேக்கிலோ இறங்கினால் பெரிய ஆபத்து.

கேள்வி: வண்டியோடு வந்த ஷாக்கையே சரிசெய்து போட ஆசை. புதிது வாங்காமல் முடியுமா?

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் முடியுமா என்பதை ஷாக்தான் சொல்ல வேண்டும். குழாயின் மேல்முனை மரை போட்ட மூடியாக இருந்தால் திறக்கலாம். விளிம்பை மடித்துச் சீல் வைத்திருந்தால் அது திறப்பதற்காகச் செய்யப்படவில்லை, புதிதுதான்.

திறக்க முடிகிற ஷாக் என்றால் முதலில் ராடைப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து நகத்தை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத துருக்குழியில்கூட நகம் சிக்கும். சீல் உரசுகிற பகுதியில் சிக்கினால், எத்தனை புது சீல் போட்டாலும் அந்தக் குழியின் விளிம்பு அதை அறுத்துவிடும். குரோம் மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ராடையே மாற்ற வேண்டும். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் குழி மறையாது, பளபளப்பு மட்டும்தான் வரும்.

பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். கறுப்பாக வழிந்து, நடுவில் வெள்ளித்தூள் மாதிரி மின்னும். பிஸ்டனும் குழாயும் தேய்ந்த உலோகம் அது. உள்ளே எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஷாக்குக்கென்று உள்ள மெல்லிய ஆயிலைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. அது கெட்டி. சின்ன மேடுகூட முதுகில் அடிக்கும்.

கேஸ் அடைத்த ஷாக் என்றால் நீங்கள் தொடவே வேண்டாம். உள்ளே நைட்ரஜன் உயர் அழுத்தத்தில் இருக்கிறது. துளை போடுவது, வெட்டுவது, சூடுகாட்டுவது எதுவும் கூடாது. அதற்குரிய கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு உடனே கிளம்புங்கள். அழுத்தமான ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும்.

கேள்வி: வேறு வண்டியின் ஷாக் 15 மி.மீ. நீளம் அதிகம். போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். பின்பக்கம் உயர்ந்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நிமிர்ந்து, ஹேண்டில் சட்டென்று திரும்பும், நேராகப் போகும்போது நிதானம் குறையும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும். செயின் தளர்வின் அளவும் மாறும். போல்ட் போகும் மேல் கண்ணின் மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம்வரை அளந்து, பழையதன் நீளமே உள்ளதை வாங்குங்கள். அந்தக் கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் உள்துளையையும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சக்கரம் 90 மி.மீ. ஏறி இறங்கும் வண்டியில் நீங்கள் அமர்ந்ததும் 25 முதல் 30 மி.மீ. அமுங்கினால் சரி.

கேள்வி: இரண்டு ஷாக் வண்டியை மோனோஷாக்காக, அதாவது பின்னால் ஒரே ஷாக் உள்ளதாக, மாற்றலாமா?

பதில்: 1973-ல் யமஹா மோட்டோகிராஸ் பந்தயத்துக்கு மோனோஷாக்கைக் கொண்டுவந்தபோது, பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் வடிவமைப்பில் ஸ்விங் ஆர்மையே முக்கோணமாகக் கட்டி, ஷாக்கின் மறுமுனையைப் பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் தாங்க வைத்தார்கள். அந்த விசையை வாங்கும்படி ஃபிரேமும் இருந்தது. உங்கள் ஃபிரேமில் அந்த இடம் வெறும் குழாய். அங்கே வெல்டிங் வைத்துவிட்டு வேகமாகப் போவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி: புது ஷாக் போட்ட பிறகும் பின்னால் 'டக் டக்' சத்தம் போகவில்லை.

பதில்: சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டயர் மட்டும் ஆடினால் வீல் பேரிங். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. இரண்டும் இறுக்கமாக இருந்தால் ஷாக்கின் மேல், கீழ் போல்ட்டுகளைப் பாருங்கள். பழையதைக் கழற்றும்போது இரண்டு பக்கமும் இருந்த வாஷர்களில் ஒன்று விட்டுப்போயிருந்தால் ஷாக்கின் புஷ் அந்தப் போல்ட்டின் மீது அங்கும் இங்கும் நகரும். அடுத்த தடவை ஒரு ஷாக்கைக் கழற்றி மாட்டி முடித்த பிறகு மறு பக்கத்துக்குப் போங்கள். கழற்றாத பக்கம் ஸ்விங் ஆர்மைப் பிடித்துக்கொண்டிருக்கும், வாஷர் எந்த வரிசையில் போகிறது என்பதையும் அதைப் பார்த்தே மாட்டிவிடலாம்.