கார்ட்டூன் முடிந்ததும் கையை ஓங்குகிறான்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். சண்டைக் கார்ட்டூன் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. அணைத்தால் தரையில் புரண்டு அழுகிறான், அக்காவை அடிக்கிறான், உதைக்கிறான். சோறு ஊட்டவும் டிவி ஓட வேண்டும். என் கணவர் இரண்டு வைத்தால்தான் அடங்குகிறான். மகள் பத்தாம் வகுப்பு. மாமியார் ஹாலில் சீரியல் பார்க்கும்போது அவளும் புத்தகத்தோடு அங்கேயே உட்காருகிறாள். இரவு பாட்டுப் போட்டி முடிந்த பிறகுதான் தூங்கப் போகிறாள். கொஞ்ச நாளாக ‘குண்டாயிட்டேன்’ என்று இரவுச் சாப்பாட்டையும் தவிர்க்கிறாள். கேபிளையே வெட்டிவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கேபிளை வெட்ட வேண்டாம் அம்மா. வெட்டினால் இரண்டே நாளில் உங்கள் செல்போனைக் கேட்டு அழுவான். மாமியாருக்கும் பொழுது போகாது, வீட்டில் வீண் மனத்தாங்கல்தான் வரும். உங்கள் மகன் எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்பதை அப்புறம் கவனிக்கலாம். எதைப் பார்க்கிறான் என்பதில் முதலில் கை வையுங்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளின் 565 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. அதில் ஒரு பிரிவுக் குடும்பங்களிடம் டிவி நேரத்தைக் குறைக்கச் சொல்லவே இல்லை. அடிதடி நிகழ்ச்சிகளை எடுத்துவிட்டு, உதவுவது, விட்டுக்கொடுப்பது, பேசித் தீர்ப்பது போன்றவற்றைக் காட்டும் நிகழ்ச்சிகளைப் போடச் சொன்னார்கள். எந்தெந்த நிகழ்ச்சி நல்லது என்று மாதாமாதம் பட்டியல் அனுப்பினார்கள். முடிந்தவரை கூடவே உட்கார்ந்து பாருங்கள் என்றார்கள். இன்னொரு பிரிவுக்குச் சாப்பாடு பற்றிய ஆலோசனை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நிகழ்ச்சியை மாற்றிய வீட்டுக் குழந்தைகளின் முரட்டுத்தனம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. வசதி குறைந்த வீட்டு ஆண் குழந்தைகளிடம்தான் பலன் அதிகம் தெரிந்தது. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிவியை அணைக்காமலே கிடைத்த மாற்றம் அது. உங்களைப் போன்ற வீடுகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

‘கார்ட்டூன்தானே, பொம்மைச் சண்டைதானே’ என்று நிறைய பெற்றோர் நினைக்கிறார்கள். ஆல்பர்ட் பந்தூரா என்ற உளவியலாளர் 1963-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், காற்றடைத்த பெரிய பொம்மையை ஒருவர் சுத்தியலால் அடித்து, உதைத்து, தூக்கி எறிவதைச் சில குழந்தைகள் நேரில் பார்த்தார்கள். சிலர் அதையே படமாகப் பார்த்தார்கள். இன்னும் சிலருக்குக் கறுப்புப் பூனை வேடம் போட்டவர் அடிப்பதாகக் கார்ட்டூன் பாணியில் காட்டினார்கள். பிறகு எல்லாக் குழந்தைகளையும் நல்ல பொம்மைகள் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போய், ஆசையாக விளையாட ஆரம்பித்ததும், ‘இது உனக்கு இல்லை’ என்று எடுத்துவிட்டார்கள். அடுத்த அறையில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். எதையும் பார்க்காத குழந்தைகளோடு ஒப்பிட்டால், மனிதர் அடிக்கும் படம் பார்த்தவர்களும் சரி, பூனை பார்த்தவர்களும் சரி, ஏறக்குறைய இரண்டு மடங்கு முரட்டுத்தனம் காட்டினார்கள். பூனை வேடம் என்பதால் பாதிப்பு குறைந்துவிடவில்லை.

ஆசைப்பட்ட பொம்மையைப் பிடுங்கிய பிறகு நடந்தது இது என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகனும் டிவியை அணைத்ததும்தான் அக்காவை அடிக்கிறான். பார்க்கும்போது கற்றுக்கொண்ட உதை, கோபம் வரும்போது காலில் வந்து நிற்கிறது. அதற்கு உங்கள் கணவர் இரண்டு வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை அவரிடம் காட்டுங்கள், தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கோபம் வந்தால் அடிக்கலாம், பெரியவர்களாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை அவன் டிவியில் மட்டும் பார்க்கவில்லை, ஹாலில் நேராகவும் பார்க்கிறான். அப்பாவிடம் கற்பது டிவியில் கற்பதைவிட ஆழமாகப் பதியும். அவன் அக்காவை அடித்தால் இருவரையும் பிரித்து, கையைப் பிடித்து, ‘அடிக்கக் கூடாது’ என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள். அழட்டும். அழுது முடியும்வரை பக்கத்தில் இருங்கள், ஆனால் டிவியை மட்டும் திரும்பப் போடாதீர்கள். ஒரு நாள் போட்டுவிட்டால், எவ்வளவு நேரம் அழுதால் டிவி வரும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொள்வான்.

அணைக்கும் முறையும் முக்கியம். கதை பாதியில் இருக்கும்போது வந்து பட்டென்று நிறுத்தினால் பெரியவர்களுக்கே எரிச்சல் வரும். போடும்போதே ‘இந்த எபிசோட் முடிந்ததும் அவ்வளவுதான்’ என்று சொல்லிவிடுங்கள். முடிந்ததும் ரிமோட்டை அவன் கையிலேயே கொடுத்து அணைக்கச் சொல்லுங்கள். உடனே அடுத்த வேலை ஒன்று தயாராக இருக்கட்டும். தெருவில் சைக்கிள், செடிக்குத் தண்ணீர், குளியல் என எதுவானாலும் சரி. முதல் வாரம் ரகளை அதிகமாகத்தான் இருக்கும். பழையபடி டிவி வருகிறதா என்று முட்டிப் பார்ப்பான். தாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடத்துக்கு முன்னால் கார்ட்டூன் வேண்டாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 4 வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வேகமான கார்ட்டூன், ஒரு பிரிவுக்கு நிதானமான கல்வி நிகழ்ச்சி காட்டினார்கள். இன்னொரு பிரிவிடம் கிரேயானைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். வெறும் 9 நிமிடம்தான். உடனே, ‘தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும்’ என்பது போன்ற விளையாட்டுகள் வைத்தார்கள். மனதை அடக்கி, யோசித்துச் செய்ய வேண்டியவை இவை. வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் மற்ற இரண்டு பிரிவையும்விட மோசமாகச் செய்தார்கள். அந்தக் கார்ட்டூனில் சராசரியாக 11 வினாடிக்கு ஒருமுறை காட்சி மாறியது, கல்வி நிகழ்ச்சியில் 34 வினாடிக்கு ஒருமுறை. அதனால் உங்கள் மகன் பள்ளி விட்டு வந்ததும் ஏதாவது சாப்பிட்டு, வெளியே ஓடி விளையாடி, எழுத வேண்டியதை எழுதி முடித்த பிறகு டிவிக்கு வரட்டும். அவன் வயதில் செல்போனையும் சேர்த்து ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதல். பள்ளி நாட்களில் ஒரு மணி நேரமே தாராளம் என்பேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இப்படிச் சாப்பிடும் குழந்தையைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். கண் திரையில் இருக்கும், ஸ்பூன் வந்தால் வாய் தானாகத் திறக்கும். சோறு உள்ளே போனதும் மெல்ல மாட்டான், கன்னத்தில் அடக்கிக்கொள்வான். விளம்பரம் வந்தால்தான் விழுங்குவான். முக்கால் மணி நேரம் தயிர்சாதம் கன்னத்திலேயே ஊறுகிறது. பல் சொத்தை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. வயிறு நிறைந்ததும் அவனுக்குத் தெரியாது, பசி எடுத்ததும் தெரியாது. டிவியை அணைத்துவிட்டு, அவனையே கையால் எடுத்துச் சாப்பிட விடுங்கள். பாதி கீழே சிந்தும், நாலைந்து நாள் குறைவாகவும் சாப்பிடுவான். ஆரோக்கியமான 6 வயதுக் குழந்தை பசித்தால் சாப்பிட்டுவிடும், பயப்படாதீர்கள்.

சீரியல் விஷயத்தில் மாமியாரைக் குற்றவாளியாக்க வேண்டாம். வயதானவர்களுக்கு டிவி ஒரு பேச்சுத் துணை. ஆனால் அந்தச் சீரியல்களில் மருமகளை மாமியார் எப்படிப் பேசுகிறார், ஒருவரை எப்படிச் சதி செய்து வீட்டை விட்டு விரட்டுகிறார்கள் என்பதை, விளையாடிக்கொண்டே இருக்கும் பையன் காதில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான். பின்னணியில் டிவி சும்மா ஓடினாலும் சின்னக் குழந்தைகள் ஒரு விளையாட்டில் நிலைத்து நிற்க மாட்டார்கள், பெற்றோரும் குழந்தையோடு பேசுவது குறைந்துபோகிறது. இவை இரண்டும் ஆய்வுகளில் தெரிந்தவை. ‘அத்தை, உங்களுக்கு ரொம்பப் பிடித்த இரண்டு எது?’ என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவருடையது. அப்போது பையன் மொட்டை மாடியிலோ தெருவிலோ இருக்கட்டும். யாரும் பார்க்காதபோது டிவி ஓட வேண்டாம்.

மகளுக்கு அந்த ஹாலில் படிப்பு ஏறாது. ‘சத்தம் இருந்தால்தான் எனக்குப் படிக்க வரும்’ என்று சொல்வாள், எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். வசனம் காதில் விழும்போது மூளை அதையும் சேர்த்துத்தான் படிக்கிறது. சமையலறையில் ஒரு மூலை கிடைத்தாலும் போதும், அவளுக்குத் தனி இடம் கொடுங்கள். அவள் வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் பத்திரப்படுத்துகிறது. பாட்டுப் போட்டியை ஞாயிறு பகலில் மறுஒளிபரப்பிலோ செயலியிலோ பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி, அவள் சாப்பாட்டைத் தவிர்ப்பதுதான். பிஜித் தீவுகளில் சதைப்பிடிப்பான உடல்தான் அழகு, ஆரோக்கியம் என்று காலங்காலமாக நினைத்தவர்கள் இருந்தார்கள். அங்கே நத்ரோகா என்ற பகுதிக்கு 1995-இல் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற மருத்துவர் அந்த ஆண்டே பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். உடல் எடைக்காகச் சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர் ஒருவரும் இல்லை. 1998-இல் மறுபடி கேட்டபோது 100-க்கு 11 பேர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். திரையில் வரும் பெண்களைப் போல ஆக வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். உங்கள் மகளிடம் இதை டிவிச் சண்டையாக ஆக்காதீர்கள். உடம்பைப் பற்றி வீட்டில் யாரும், விளையாட்டுக்குக்கூட, எதுவும் சொல்ல வேண்டாம். இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால், தலைசுற்றினால், எடை இறங்கினால், சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். மகன் டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் போய் உட்காருகிறானா? சத்தத்தை அதிகமாக வைக்கிறானா? கிட்டப் போய்ப் பார்ப்பதற்குப் பல நேரம் கிட்டப்பார்வைதான் காரணம். சத்தம் கூட்டுவதற்குக் காதுக்குள் நீர் கோத்திருப்பது காரணமாக இருக்கலாம், அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு இது சாதாரணம். சரியாகக் கேட்காத குழந்தை கூப்பிட்டால் திரும்பாது, எரிச்சல்படும், அடம்பிடிக்கிறது என்று பெயர் வாங்கும். இந்த மாதமே கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். வகுப்பிலும் மற்ற பிள்ளைகளை அடிக்கிறானா என்று டீச்சரிடம் கேளுங்கள். அங்கேயும் அடிக்கிறான், இரண்டு மாதம் கழித்தும் வீட்டில் குறையவில்லை என்றால், குழந்தைகள் நல மருத்துவரிடம் நேரில் அழைத்துச் செல்லுங்கள். போகும்போது அவன் அப்பாவும் கூட வரட்டும்.