ஜீப்புக்குப் போடும் கிரீஸ் பனிச்சறுக்குப் பைண்டிங்குக்கு ஆகுமா?

கேள்வி: என் தம்பி காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு வழிகாட்டி. சீசன் முடிந்து கம்பத்துக்கு வந்தவன், பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற டூரிங் பைண்டிங் ஒரு ஜோடியைக் கொடுத்து, "துடைத்து கிரீஸ் போட்டு வை அக்கா" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருக்கிற பக்கத்து வீட்டு அண்ணன், ஏபி 3 கிரீஸ் போதும் என்கிறார். குமுளியில் இருக்கும் சேச்சியோ நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விடச் சொல்கிறார். ஆன்லைனில் பார்த்தால் சின்ன ட்யூபுக்கே விலை மலைக்க வைக்கிறது. எதை வாங்கட்டும்?
- வாசகி, கம்பம்

பதில்: சேச்சியிடம் ஒன்று கேளுங்கள்: மார்கழிக் காலையில் குமுளியில் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டு விழுகிறதா? சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கிவிடும். உங்கள் தம்பி ஏறுகிற அபர்வத் மலையில், கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில், ஜனவரிக் குளிர் மைனஸ் பத்தையும் தாண்டும்.

ஜீப் அண்ணனின் கிரீஸ் மட்டமானதில்லை. சூடேறும் வீல் பேரிங்குக்கு அதுதான் சரி. 3 என்பது கெட்டித்தன்மையைக் குறிக்கும் என்எல்ஜிஐ எண். 000 என்றால் குழம்பு மாதிரி ஓடும், 6 என்றால் கட்டி. ஆனால் அந்த எண்ணை அளப்பது 25 டிகிரி வெப்பத்தில்! பனியில் அதே கிரீஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பதை டப்பாவில் உள்ள எண் சொல்லாது. அதற்குள் இருக்கும் சாதாரண மினரல் ஆயில் கடுங்குளிரில் இறுகிவிடும்.

இறுகினால் என்ன என்கிறீர்களா? டூரிங் பைண்டிங்கில் மலை ஏறும்போது குதிகால் தூக்கிக்கொள்ளும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளும். விழுந்தால், குறிப்பிட்ட விசைக்கு மேல் போனதும் பூட்ஸை விட்டுவிட வேண்டும். கிரீஸ் இறுகிப்போனால் விடவேண்டிய நேரத்தில் விடாது. முறிவது கால்தான்.

அதனால் முதலில் தம்பியிடம் அந்த மாடலின் கையேட்டைக் கேளுங்கள். எந்த கிரீஸ், எந்த இடத்தில் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் அதுவே முடிவு. சொல்லவில்லை என்றால் சிந்தெடிக் (செயற்கை எண்ணெயில் செய்த) கிரீஸ், என்எல்ஜிஐ 1 அல்லது 2, வேலை செய்யும் வெப்ப வரம்பு மைனஸ் 30 அல்லது மைனஸ் 40-இல் தொடங்க வேண்டும், பிளாஸ்டிக்கைத் தாக்காது என்ற குறிப்பும் வேண்டும். "180 டிகிரி வரை தாங்கும்" என்று மேல் வரம்பை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது உங்களுக்கான சரக்கில்லை.

விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். பைண்டிங்குக்குத் தேவை கடுகளவுதான், ஒரு ட்யூப் பல வருஷம் வரும். டப்பாவிலிருந்து வழித்து காகிதத்தில் மடித்துத் தரும் சில்லறை கிரீஸ் மட்டும் வேண்டாம், அதில் என்ன இருக்கிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது. இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, எம்ஆர்பி எல்லாம் உறையில் இருக்க வேண்டும். பொதிப் பொருட்களுக்கான 2011-ஆம் வருட விதி அது. இல்லாவிட்டால் பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைக்கலாம்.

போடும் விதம்: பழைய கிரீஸை உலர்ந்த துணியால் முழுக்கத் துடையுங்கள். இருவகை கிரீஸ் கலந்தால் சில சமயம் இளகி ஓடிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம்; உள்ளே நல்ல கிரீஸ் இருந்தால் அதையும் கரைத்துக் கழுவிவிடும். குதிகால் பகுதியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். விடுவிப்பு விசையை வைக்கிற திருகைத் தொடவே கூடாது. மிஞ்சிய கிரீஸைத் துடைத்துவிடுங்கள், மண்ணை இழுத்து ஒட்டவைக்கும். பலகைக்கு அடியில் ஒட்டி ஏறுகிற 'ஸ்கின்' பட்டையும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறதென்றால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்; கிரீஸ் பட்டால் அதன் பசை போய்விடும்.

அப்புறம், பைண்டிங்கை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் போடாதீர்கள். கம்பத்து வெயிலில் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வழியும். அடுத்த சீசனில் பனியில் இறங்குமுன், விடுவிப்பு விசையைக் கருவி வைத்து அளக்கிற கடை ஒன்றில் காட்டச் சொல்லுங்கள். கிரீஸ் மாற்றியதையும் மறக்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள்.