போனில் தெளிவாக இருக்கும் படம் கப்பிலும் டீ-ஷர்ட்டிலும் ஏன் மங்குகிறது?

போனில் பளிச்சென்று இருக்கிற படத்தை கடைக்காரர் "லோவா இருக்கு, வேற குடுங்க" என்கிறார், கூடுதல் காசு பிடுங்கத்தான் இப்படிச் சொல்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேலூர் பக்கம் கப், டீ-ஷர்ட் பிரிண்ட் போடும் சின்னக் கடை எனக்கு. இந்தத் தொழிலில் எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் லோ, அதாவது படத்தில் புள்ளி பத்தாது என்று முன்னாடியே சொல்கிறவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். நான் ஒரு தடவை சொல்லாமல் விட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பாலமேடு பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்தார்கள். அவர்கள் வளர்த்த செவலைக் காளை ஐப்பசியில் செத்துப்போயிருந்தது, மாட்டுப் பொங்கல் அன்று அதன் படம் போட்ட சட்டையோடு வாடிவாசலுக்குப் போக வேண்டும், 40 டீ-ஷர்ட். கொடுத்தது வாட்ஸப் ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்த படம். ஓரமெல்லாம் வெட்டியபின் காளை மட்டும் 480 பிக்சல் (படம் உருவாகிற சின்னப் புள்ளி) அகலம்தான் தேறியது. நெஞ்சில் 10 இன்ச்சுக்கு வேண்டும் என்றார்கள். அதாவது ஒரு இன்ச்சுக்கு 48 பிக்சல், நல்ல பிரிண்டுக்கு நாங்கள் கேட்பது 300. எனக்குத் தெரியும். நாள் இல்லை, ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் அடித்துவிட்டேன்.

வாங்க வந்த பையன் ஒரு சட்டையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான், "அண்ணே, கண்ணு எங்கண்ணே?" கண் இருந்த இடத்தில் கறுப்பாக நாலைந்து கட்டம், கொம்பு நுனியில் படிக்கட்டு மாதிரி வெட்டு. அவன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்புறம் விசாரித்ததில் படத்தை எடுத்தது அவன் தங்கச்சி, ஒரிஜினல் அவள் போனிலேயே இருந்தது, 4000க்கு 3000 பிக்சல். அதை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன், காளை மட்டும் 2600 பிக்சல் வந்தது. கையில் இருந்த வெள்ளை பாலியஸ்டர் சட்டை 25தான், ராத்திரியோடு ராத்திரியாக என் செலவில் அடித்துக் கொடுத்தேன். மீதி 15 பேர் கண் இல்லாத காளையோடுதான் போனார்கள், அது இன்னும் உறுத்துகிறது.

உங்கள் படமும் எங்கேயோ ஃபார்வர்டாகி வந்ததாகத்தான் இருக்கும். முதலில் எடுத்த போனைத் தேடுங்கள், அதிலிருந்து டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் வாட்ஸப் சுருக்கிவிடும். கப்பைச் சுற்றி வருகிற பிரிண்ட் ஏறக்குறைய 8 இன்ச் அகலம், 2400 பிக்சல் இருந்தால் கவலையே இல்லை. சிலர் இன்ச்சுக்கு 150 போதும் என்பார்கள். சட்டையைத் தள்ளி நின்று பார்ப்பதால் அதில் சமாளிக்கலாம், கப்பை முகத்துக்கு நேரே வைத்துக் குடிக்கிறோமே. "பிளெக்ஸ்ல இதே படம் நல்லா வந்துச்சே" என்றும் கேட்பார்கள், பிளெக்ஸை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம். ஃபைலில் இன்ச்சுக்கு 72 பிக்சல் என்று இருப்பதை 300 என்று மாற்றி சேவ் பண்ணுவதால் இல்லாத கண் வந்துவிடாது. ஏஐ-யில் பெரிதாக்கலாம்தான், தாத்தா முகத்தைப் போட்டால் வேறு யாரோ தாத்தா வருகிறார், நான் செய்வதில்லை.

லோகோ என்றால் பிடிஎஃப் அல்லது கோரல் (டிசைன் சாஃப்ட்வேர்) ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள், எழுத்தையெல்லாம் கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் கம்ப்யூட்டரில் அந்தத் தமிழ் ஃபான்ட் இல்லாமல் எழுத்து சிதறிவிடும். பேக்ரவுண்ட் இல்லாமல் வேண்டுமானால் பிஎன்ஜி. காட்டன் சட்டையில் டிடிஎஃப் (பிலிமில் அடித்துச் சூட்டில் சட்டையில் ஒட்டும் பிரிண்ட்) போடுவதாக இருந்தால் படத்தைச் சுற்றி மங்கலான நிழல், குளோ எதுவும் வேண்டாம், அடியில் போகும் வெள்ளை மை ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

தமிழ் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். காதுகுத்துக்கு தாம்பூலப் பை அடிக்க வருகிறவர்கள் யார் பேர் முதலில், யார் பேர் அடுத்து என்று ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், புரூஃப் காட்டினால் "எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று பார்க்காமலே தலையாட்டுகிறார்கள், ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனால் மட்டும் பழி கடைக்காரன் மேல். பிள்ளையின் பேரையாவது ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கக் கூடாதா?

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். ஆர்டர் கொடுக்கும் முன்னால் அதை அதே அளவில் ஒரு ஏ4 தாளில் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தாளை நெஞ்சில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள், முக்கியமாகக் கண்ணைப் பாருங்கள். நான் இப்போது அதைக் காட்டாமல் யாருக்கும் அடிப்பதில்லை.