கார்ல் பெர்கின்ஸ்: கேள்வி பதில்

கே: இவரை கன்ட்ரி பாடகர் என்பதா, ராக்கபில்லி பாடகர் என்பதா?

இரண்டும்தான். 1932இல் டென்னசி மாநிலம் டிப்டன்வில்லில், குத்தகைக்குப் பருத்தி விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர். வானொலியில் கேட்டது கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை. உடன் பஞ்சு எடுத்த கறுப்பினப் பெரியவர் ஜான் வெஸ்ட்புரூக் கிட்டாரில் சொல்லிக்கொடுத்தது கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை. இரண்டையும் சேர்த்து வேகமாக வாசித்தார்; அதுதான் ராக்கபில்லி. அண்ணன் ஜே ரிதம் கிட்டார், தம்பி க்ளேட்டன் பேஸ்.

கே: இவர் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது எல்விஸ் பிரெஸ்லி இவர் பாட்டைப் பறித்துக்கொண்டாராமே?

இல்லை. பெர்கின்ஸே எழுதிப் பாடிய ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ மெம்ஃபிஸ் நகரின் சன் இசைத்தட்டு நிறுவனத்தில் பதிவாகி 1956 ஜனவரியில் வெளிவந்தது. பாப், கன்ட்ரி, ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) மூன்று விற்பனைப் பட்டியல்களிலும் ஏறியது. மார்ச் 22 அன்று, தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க் போகும் வழியில் டெலவேரில் கார் விபத்து. ஆனால் எல்விஸ் அந்தப் பாட்டைப் பதிவு செய்தது அந்த ஜனவரியிலேயே! விற்பனையிலும் பெர்கின்ஸின் இசைத்தட்டுதான் முந்தியது. விபத்துக் கதையையே பேசிப் பேசி, பெர்கின்ஸின் கிட்டார் வாசிப்பைப் பலரும் கவனிப்பதில்லை.

கே: ‘ப்ளூ ஸ்வேட் ஷூஸ்’ பாட்டின் தொடக்கத்தில் எங்கள் டிரம்மருக்கும் எனக்கும் ஒத்துவரவே இல்லை.

ஆளுக்கொரு பதிவைக் கேட்டுப் பழகியிருப்பீர்கள். பெர்கின்ஸ் பதிவில், முதல் வரிகளில் வரும் நிறுத்தத்துக்குப் பின் தாளத்தில் இரண்டு எண்ணிக்கை கூடுதல்; ஆறு எண்ணிவிட்டு அடுத்த வரியில் நுழைய வேண்டும். எல்விஸ் அதை நான்காகச் சுருக்கிவிட்டார்.

கே: சன் பதிவுகளின் எதிரொலி என் டிலே பெடலில் (ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் கருவி) வரவில்லை, அண்ணா.

அது ஒலிப்பதிவு நாடாவில் உண்டாக்கிய டேப் எதிரொலி. டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடும். பதியும் ஹெட்டுக்கும் ஒலிக்கும் ஹெட்டுக்கும் இடையே சுமார் 2 அங்குலம். வகுத்தால் 0.13 வினாடி. ஆகவே டிலே 120 முதல் 140 மில்லிசெகண்டு, ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) பூஜ்யம், மிக்ஸ் (எதிரொலி கலக்கும் அளவு) கால் பங்கு. ஃபீட்பேக்கைக் கூட்டினால் ஒலி அடுக்கடுக்காகத் திரும்பித் தாளத்தைக் குழப்பும். அறை முழக்கம் தரும் ரிவெர்பை அணைத்துவிடுங்கள். உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மேல் வைத்துத் தடித்த கம்பிகளை மட்டும் லேசாக அமுக்குங்கள். கம்பி 9 கேஜ் (மெல்லிய கம்பி) என்றால் இந்த அமுக்கலில் சத்தம் செத்துப்போகும், 11 போடுங்கள்.

கே: பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகளில் பெர்கின்ஸ் பாட்டு எத்தனை?

மூன்று, எல்லாம் 1964இல். ‘மேட்ச்பாக்ஸ்’, ‘ஹனி டோன்ட்’ ரிங்கோ பாடியவை. ‘எவ்ரிபடிஸ் ட்ரையிங் டு பி மை பேபி’ ஜார்ஜ். பெர்கின்ஸின் ‘மேட்ச்பாக்ஸ்’ பதிவான நாள் 1956 டிசம்பர் 4. பியானோ ஜெர்ரி லீ லூயிஸ். எல்விஸும் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷும் வந்து சேர, ‘மில்லியன் டாலர் குவார்டெட்’ என்று பெயர்பெற்ற நால்வர் சந்திப்பு நடந்ததும் அன்றுதான்.

கே: பிற்காலம்?

அண்ணன் ஜே 1958இல் மூளைக்கட்டியால் இறந்தார். பெர்கின்ஸைக் குடி பிடித்துக்கொண்டது. பிறகு கேஷ் குழுவில் பத்தாண்டு போல. கேஷுக்கு எழுதிய ‘டாடி சாங் பேஸ்’ கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1981இல் டென்னசியின் ஜாக்சன் நகரில் குழந்தைகள் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் மையம் அவர் பெயரில் அமைந்தது. மறைவு 1998.

கே: கிட்டாரில் முதலில் எதை எடுக்கலாம்?

‘ஹனி டோன்ட்’. ஈ கார்டிலிருந்து (கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) நேரே சி கார்டுக்குத் தாவும். வழக்கமான ப்ளூஸில் ஏ தான் வரும். பழக்கத்தில் கை ஏ-க்குப் போகும், அங்கே மட்டும் மெதுவாக்கிப் பழகுங்கள்.