கிராமத்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மேற்படிப்பில் என்ன உதவி கிடைக்கும்?

தருமபுரிப் பக்கத்துக் கிராமமொன்றின் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கைக்கு மேற்படிப்புக்கு என்ன உதவி உண்டு என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் (2022) பலருக்கும் தெரியும். ஆனால் என் கணிப்பில் அதைவிடப் பெரியது, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடுதான். அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதால், நகையை அடகு வைத்துச் சேர்க்கை போடும் நிலை பெரும்பாலும் வராது.

பலரும் கோட்டை விடுவது காகிதத்தில்தான். எட்டாம் வகுப்பு வரை ஊர் நடுநிலைப் பள்ளியிலும் பிறகு பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலும் படித்திருந்தால், இரண்டு தலைமையாசிரியர்களிடமும் படிப்புச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுமைப்பெண் விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்லும். அதற்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தங்கையின் பெயரிலேயே இருக்க வேண்டும். வீட்டில் தம்பி இருந்தால், அவருக்கும் அதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டுள்ளது.