சிலிண்டர் இல்லாமல் கார்பனைலேற்றம்

கேள்வி: பல்லேடியம் வினையூக்கி வைத்து, கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சேர்த்து (கார்பனைலேற்றம்), அரைல் புரோமைடை எஸ்டராகவும் அமைடாகவும் மாற்ற வேண்டும். எங்கள் துறையில் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்கு அனுமதி இல்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. உங்கள் துறை மறுத்ததும் சரிதான். 10 லிட்டர் சிலிண்டரில் 100 பார் அழுத்தத்தில் இருப்பது ஏறக்குறைய 1,000 லிட்டர் வாயு. 60 கன மீட்டர் அறையில் அது முழுதும் கசிந்தால் 16,000 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) தாண்டும். 1,200 பிபிஎம்மே உடனடி உயிராபத்து. நிறமோ மணமோ இல்லாததால் மூக்கு எச்சரிக்காது. உங்கள் வினைக்குத் தேவையோ 1 மில்லிமோல், அதாவது 24 மி.லி. அதே அறையில் அது பரவினால் 0.4 பிபிஎம்தான். தேவையான அளவை மட்டும் குடுவைக்குள்ளேயே உண்டாக்குவதுதான் வழி.

முதலில் ஃபீனைல் ஃபார்மேட்டை முயன்று பாருங்கள். டிரைஎத்தில் அமீன் பட்டாலே ஃபீனாலாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் பிரியும் திரவம் இது. அந்த ஃபீனாலே வினையில் சேர்ந்து ஃபீனைல் எஸ்டர் கிடைக்கும். அமைடு வேண்டுமென்று அதற்கான அமீனையும் அதே குடுவையில் போட்டுவிடாதீர்கள். அந்த அமீன் ஃபார்மேட்டையே தாக்கி ஃபார்மமைடு ஆகிவிடும். பலரும் வாரக்கணக்கில் தடுமாறும் இடம் இது. எஸ்டரை முதலில் எடுத்து, அப்புறம் அமீனோடு சேர்க்கலாம். இல்லையென்றால், டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்க்ரிட்ஸ்ட்ரப் குழு உருவாக்கிய இரட்டை அறைக் குடுவை இருக்கிறது: ஓர் அறையில் வாயு உருவாகும், மற்றதில் உங்கள் வினை நடக்கும். அமைடுக்கு நான் இதையே விரும்புவேன்.

கார்பன் மோனாக்சைடு தரும் இன்னொரு பொருளான மாலிப்டினம் ஹெக்ஸாகார்பனைல் எடைபோட எளிய திடப்பொருள்தான். ஆனால் அதுவும் நஞ்சு, உலோகக் கழிவு மிஞ்சும், மூலக்கூறில் நைட்ரோ தொகுதி இருந்தால் அதையும் ஒடுக்கிவிடக்கூடும்.

ஒன்றை மறக்காதீர்கள். மாற்றுப்பொருள் எதுவானாலும் குடுவைக்குள் இருப்பது அதே வாயுதான். மூடிய குழாயில் 20 மி.லி. காலி இடம் இருந்து 5 மில்லிமோல் வாயு வெளிவந்தால், அறை வெப்பத்திலேயே கூடுதலாக 6 வளிமண்டல அழுத்தம். 80 டிகிரியில் 7-க்கும் மேல். குழாய் தாங்குமா என்று பொருளை எடைபோடும் முன்பே கணக்கிடுங்கள். முடிந்ததும் நன்றாக ஆறவிட்டு, ஃப்யூம் ஹூட்டுக்குள் (நச்சு வாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி) வைத்து மெதுவாகத் திறங்கள். கார்பன் மோனாக்சைடு கண்டறியும் கருவி சட்டையிலேயே மாட்டியிருக்கட்டும்.